மூடிய கணினிக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன் தொடங்கிச் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் பலவும் தீர்த்தவாரிக்கு வந்து சேரும். கூட்டத்தோடு கேமராக்களும் வரும். 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவுசெய்யும் கேமரா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா படம் ஒன்று 25 முதல் 30 எம்.பி. வரை வரும். விடியற்காலையிலிருந்து உச்சிவரை இரண்டு பேர் எடுத்தால் அன்றைக்கே 200, 300 ஜி.பி. சேர்ந்துவிடும். இந்தக் கோப்புகளை இறக்கிவைக்கும் கணினி, சிறிய ஸ்டுடியோக்களிலும் டிசைன் அறைகளிலும் இன்னும் 2013-க்கும் 2019-க்கும் இடையில் வாங்கிய ஐமேக்காகவோ அதே காலத்து விண்டோஸ் ஆல்-இன்-ஒன்னாகவோ இருப்பதுண்டு. திரை நன்றாக இருக்கிறது. பிராசஸரும் வேலைக்குப் போதும். உள்ளே இருக்கும் 1 டி.பி. ஹார்டு டிஸ்க் மட்டும் நிறைந்துவிட்டது, அல்லது இழுக்கிறது, பெரும்பாலும் இரண்டும்.

சாதாரண சிபியு பெட்டியாக இருந்தால் இது அரை மணி நேர வேலை. பக்கவாட்டு மூடியில் இரண்டு திருகு, ஒரு சாட்டா கேபிள், ஒரு பவர் கேபிள், முடிந்தது. மூடிய கணினியில் அந்த டிஸ்க் திரைக்குப் பின்னால், பசையால் ஒட்டிய கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறது. ஆகவே உரிமையாளர் முன்னால் மூன்று வழிகள் நிற்கின்றன: உடைத்துத் திறப்பது, வெளியே ஒரு டிஸ்கை மாட்டிச் சமாளிப்பது, புதிது வாங்குவது. கடைக்காரர் ஒன்று சொல்வார், யூடியூப் இன்னொன்று சொல்லும், கம்பெனி மூன்றாவதைச் சொல்லும். மூன்றையும் பணக் கணக்கோடும், கடலோர ஊரின் தட்பவெப்பத்தோடும் சேர்த்து எடைபோட்டுப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

முதலில், எப்போது எது மூடப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முடிவில் பாதி இதிலேயே வந்துவிடுகிறது. 2009 முதல் 2011 வரையிலான ஐமேக்கில் முன்கண்ணாடியைக் காந்தங்கள்தாம் பிடித்திருந்தன. இரண்டு உறிஞ்சுக் கப்புகளை ஒட்டி இழுத்தால் கண்ணாடி கையோடு வந்துவிடும்; அதன்பின் திருகுகள். 2012 கடைசியில் வந்த மெல்லிய ஐமேக்கில் கண்ணாடியும் திரையும் ஒன்றாகி, ஓரங்களில் பசை நாடாவால் ஒட்டப்பட்டன. 27 அங்குல மாடலில் ரேம் மாற்றப் பின்பக்கம் ஒரு சிறு கதவை 2020 வரை விட்டுவைத்தார்கள். 21.5 அங்குலத்துக்கு அதுவும் இல்லை. 2014 மேக் மினியில் ரேமை போர்டிலேயே பற்றவைத்தார்கள். 2018 மேக் மினியில் டி2 பாதுகாப்புச் சிப்போடு எஸ்.எஸ்.டி.யும் போர்டோடு போனது. 2020-இன் 27 அங்குல ஐமேக்கில் அடிப்படைச் சேமிப்பு அப்படித்தான். 2021-இல் எம்1 சிப்போடு வந்த 24 அங்குல ஐமேக்கில் மாற்ற எதுவுமே இல்லை. விண்டோஸ் ஆல்-இன்-ஒன்கள் இந்த அளவுக்குப் போகவில்லை. பெரும்பாலானவை பின்மூடியைக் கொக்கிகளில் நிறுத்தியவை, பலவற்றில் எம்.டூ எஸ்.எஸ்.டி.க்கான இடம் ஒன்று காலியாகவே இருக்கும். எச்.பி., டெல், லெனோவா ஆகிய மூன்றும் சர்வீஸ் கையேடுகளை இணையத்தில் வெளியிட்டிருக்கின்றன. மாடல் எண்ணைப் போட்டு அந்தக் கையேட்டைப் பார்க்காமல் மூடியை நெம்பக் கூடாது.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. ஐமேக்கின் ஆரம்ப மாடலில் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்கை 2020 ஆகஸ்ட் வரை போட்டு விற்றார்கள். அதாவது 2019 மாடல் என்று நம்பி வாங்கிய 21.5 அங்குல ஐமேக்கின் உள்ளே இருப்பது மடிக்கணினிகளில் பத்தாண்டுகளுக்கு முன் இருந்த அதே வகைத் தட்டு. அதைவிடக் குழப்பமானது ஃப்யூஷன் டிரைவ். 2012-இல் அது வந்தபோது 1 டி.பி. ஹார்டு டிஸ்கோடு 128 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் சேர்ந்திருந்தது. அடிக்கடி தொடும் கோப்புகளை வேகமான பகுதிக்குத் தானே நகர்த்தும் நல்ல ஏற்பாடு. 2015 கடைசியில் 1 டி.பி. மாடலில் எஸ்.எஸ்.டி. பகுதியை 24 ஜி.பி.க்குக் குறைத்தார்கள், பின்னர் 32 ஆக்கினார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. பழைய ஐமேக் வாங்குகிறவர் "ஃப்யூஷன்" என்ற சொல்லைக் கேட்டுத் திருப்தி அடையாமல் எந்த ஆண்டின் ஃப்யூஷன் என்று கேட்க வேண்டும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இரண்டு டிஸ்கும் ஒன்றாகப் பிணைந்திருப்பதால் ஒன்று போனால் மொத்த டேட்டாவும் போனதுதான்.

நான் பார்த்தவரை இந்த விவகாரத்தில் பணம் வீணாவதற்கு முக்கியக் காரணம், மூன்று தனித்தனிக் குறைகளை ஒரே குறையாக நினைப்பதுதான். வேகம் போதவில்லை என்பது ஒன்று. இடம் போதவில்லை என்பது இன்னொன்று. டேட்டாவுக்குப் பாதுகாப்பு இல்லை என்பது மூன்றாவது. "பெரிய டிஸ்க் போட்டுடுங்க" என்று கடையில் சொல்கிறவர் பெரும்பாலும் முதல் குறையோடு வந்திருப்பார். இரண்டாவதற்குப் பணம் கொடுத்துவிட்டு, மூன்றாவதைப் பற்றிக் கேட்காமலே திரும்பிப் போவார். மூடிய கணினியில் இந்தக் குழப்பத்துக்கு விலை அதிகம், ஏனென்றால் ஒவ்வொரு முறை திறப்பதும் தனிச் செலவு, தனி ஆபத்து.

வேகத்தை எடுத்துக்கொள்வோம். 5,400 சுற்று டிஸ்கில் தேவையான இடம் ஊசிக்கு அடியில் வந்துசேரச் சராசரியாக 5.6 மில்லிநொடி ஆகும். ஊசி நகர்ந்து நிற்க அதற்கு மேல் ஒரு 12 மில்லிநொடி. ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய சிறு கோப்புகளைக் கேட்டால் நொடிக்கு ஐம்பது, அறுபது கேள்விகளுக்குத்தான் அதனால் பதில் சொல்ல முடியும். மிகச் சாதாரணமான எஸ்.எஸ்.டி. பல ஆயிரம் கேள்விகளுக்குப் பதில் சொல்லும். கணினி தொடங்குவது, ஃபோட்டோஷாப் திறப்பது, ஆயிரம் படங்களுக்குச் சிறுபடம் உருவாக்குவது எல்லாம் இந்தச் சிறு கேள்விகள்தாம். போதாக்குறைக்கு, எஸ்.எஸ்.டி.க்காகவே வடிவமைத்த ஏ.பி.எஃப்.எஸ். என்ற கோப்பு முறையை 2018-இல் வந்த மேக் சிஸ்டமான மொஹாவி, ஹார்டு டிஸ்குகளிலும் ஃப்யூஷன்களிலும் கட்டாயமாக்கியது. கோப்பு விவரங்கள் டிஸ்க் முழுவதும் சிதறுவது எஸ்.எஸ்.டி.க்கு ஒரு பொருட்டே இல்லை. சுற்றும் தட்டுக்கு அது பெரும் பாரம். "அப்டேட் போட்டதிலிருந்து ஸ்லோ ஆயிடுச்சு" என்று பலர் சொன்னதில் உண்மை இருந்தது. பிராசஸர் களைத்துவிட்டது என்று நினைத்து நல்ல கணினியைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர்களும் உண்டு. அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். தவறு முழுக்க அந்தத் தட்டின் மேல்தான் இருந்தது.

இடம் என்பது வேறு கணக்கு. முடித்துக் கொடுத்துவிட்ட கல்யாண வீடியோவை எஸ்.எஸ்.டி.யில் வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. அதற்கு மலிவான, மெதுவான பெரிய ஹார்டு டிஸ்கே போதும். வேலை நடந்துகொண்டிருக்கும் கோப்புகளும் சிஸ்டமும் மட்டும் வேகமான இடத்தில் இருந்தால் சரி. ஸ்டுடியோ வேலைக்கு 1 டி.பி. எஸ்.எஸ்.டி.யும், முடிந்த வேலைகளுக்கு 4 டி.பி. ஹார்டு டிஸ்கும் என்று பிரித்துக்கொண்டவருக்கு, 4 டி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கியவரைவிடச் செலவு வெகுவாகக் குறையும்.

இனி வழிகள். திறப்பதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் ஆசை முதலில் அங்கேதான் போகிறது.

2012-க்குப் பிந்தைய ஐமேக்கைத் திறக்க, ஓரத்தில் சிறு பிளாஸ்டிக் சக்கரத்தை நுழைத்துப் பசை நாடாவைச் சுற்றிலும் அறுத்துக்கொண்டே போக வேண்டும். மேலே நடுவில் கேமரா இருக்கிறது. அந்த இடத்தில் ஆழமாகப் போகக் கூடாது. பசை விட்டதும் திரையை முழுக்கச் சாய்த்துவிடவும் முடியாது. இரண்டு குட்டைக் கேபிள்கள், ஒன்று படத்துக்கு ஒன்று மின்சாரத்துக்கு, போர்டோடு பிணைந்திருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் சாக்கெட்டோடு பிய்ந்து வரும். திரைக்குப் பின்னால் பவர் சப்ளையின் கெப்பாசிட்டர்கள் திறந்தபடி இருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் மின்னேற்றம் மிஞ்சியிருக்கும். 21.5 அங்குலத்தில் இருப்பது 2.5 அங்குல டிஸ்க், 27-இல் 3.5 அங்குலம். இந்தச் சாட்டா டிஸ்கை மாற்றுவது, திரை கழன்ற பிறகு சுலபம்தான். கூடவே அதைவிட வேகமான என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.யும் போட்டுவிடலாமே என்று தோன்றும். அதற்கான இடம் மதர்போர்டின் பின்பக்கம் இருக்கிறது; போர்டையே கழற்ற வேண்டும். 2013 முதல் 2019 வரை அந்தச் சாக்கெட் ஆப்பிளின் சொந்த வடிவம். அடாப்டர் வைத்துச் சந்தை எஸ்.எஸ்.டி.யைப் போடலாம், ஆனால் 2017-இன் ஹை சியராவோ அதற்குப் பிந்தைய சிஸ்டமோ இருக்க வேண்டும். கடைசியில் பழைய பசையைச் சுத்தமாகத் துடைத்து, அந்த மாடலுக்கென்றே வெட்டிய புதுப் பசை நாடாவை ஒட்டித்தான் மூட வேண்டும்.

இந்தக் கடைசிப் படிதான் நம் ஊரில் பலவீனமான இடம். பசை நாடா செட் கைவசம் இல்லாத கடையில் சாதாரண இருபக்க டேப்பை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். கடலோரத்தில் அது தாங்காது. வைத்திக்குப்பத்தில் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே இன்றைக்கு இருப்பது பெரும்பாலும் கருங்கல் தடுப்புதான். 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புகள் கட்டியபின் வடக்கு நோக்கிய மணலோட்டம் தடைப்பட்டு, இந்தப் பக்கத்துக் கடற்கரை கரைந்துபோனது. அலை கல்லில் மோதித் தெறிக்கும் உப்புத் துளி காற்றோடு ஜன்னல் வழியே உள்ளே வருகிறது. சரியாக ஒட்டாத ஓரத்தின் வழியாகத் தூசியும் இந்த உப்பு ஈரமும் திரைக்குப் பின்னால் புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதே சமயம், ஏற்கெனவே ஐந்தாறு வருடம் இந்தக் காற்றில் நின்ற கணினியின் உள்ளே விசிறி இழுத்துச் சேர்த்த உப்புத் தூசி இருக்கவே செய்யும். திறக்கத்தான் போகிறோம் என்றால் அதைச் சுத்தம் செய்துகொள்வதும் ஒரு லாபம்.

வேலைக்கூலி, பசை நாடா, எஸ்.எஸ்.டி. மூன்றும் சேர்ந்தால் பழைய ஐமேக்கின் மறுவிற்பனை விலையில் கணிசமான பங்கு போய்விடும். திரை உடைந்தால் கணினியே போனது. அந்தத் திரையின் விலைக்கு இன்னொரு பழைய ஐமேக்கே கிடைக்கும். ஆகவே திறக்கக் கொடுக்கும்போது, திரைக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பதைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும். எழுதித் தர மறுக்கிற கடையில் கணினியை வைத்துவிட்டு வரக் கூடாது.

இரண்டாவது வழி, வெளியே மாட்டுவது. என் கருத்தில் 2012 கடைசியிலிருந்து 2019 வரையிலான ஐமேக் வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு இதுதான் சரியான முதல் படி. காரணம், பசை ஒட்டிய அதே 2012 மாடலிலிருந்துதான் ஐமேக்கில் யு.எஸ்.பி. 3.0 வந்தது. காந்தக் கண்ணாடி இருந்த பழைய மாடல்களில் யு.எஸ்.பி. 2.0 மட்டுமே, அதன் வழியே நொடிக்கு 40 எம்.பி.யைத் தாண்டுவது கடினம். யு.எஸ்.பி. வழியே வேகம் கிடைக்காதவை சுலபமாகத் திறக்கின்றன. திறக்கக் கடினமானவற்றுக்கு வெளியிலிருந்தே வேகம் கிடைக்கிறது. உரிமையாளருக்கு இது நல்ல வாய்ப்பு.

சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றை யு.எஸ்.பி. 3.0 கேஸில் போட்டு மாட்டினால் நொடிக்கு 400 எம்.பி. அளவில் கிடைக்கும். உள்ளே இருக்கும் தட்டு தருவது 100 சொச்சம். அதைவிட முக்கியம், முன்னே சொன்ன அந்தச் சிதறிய சிறு கேள்விகளுக்கான பதில். சிஸ்டத்தையே அந்த வெளி எஸ்.எஸ்.டி.யில் நிறுவி அதிலிருந்து தொடங்கினால், ஐந்து நிமிடம் முனகிய கணினி அரை நிமிடத்தில் தயாராகிறது. 2017, 2019 ஐமேக்குகளில் தண்டர்போல்ட் 3 இருக்கிறது. அந்தத் துளையிலேயே 10 ஜிகாபிட் யு.எஸ்.பி.யும் வேலை செய்யும் என்பதால், என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.யை அதற்கான கேஸில் போட்டால் நொடிக்கு 900 எம்.பி.க்கு மேல் வரும். தண்டர்போல்ட் கேஸ் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேகம் தரும், ஆனால் விலை பல மடங்கு. 4கே எடிட்டிங் செய்கிறவருக்கே 10 ஜிகாபிட் கேஸ் போதும் என்பது என் முடிவு. தண்டர்போல்ட்டுக்கு ஒரு தனிச் சாதகம் இருக்கிறது: அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்.எஸ்.டி.க்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளை மேக்கில் தண்டர்போல்ட் வழியே போகும், யு.எஸ்.பி. வழியே போகாது. டிரிம் இல்லாவிட்டால் எழுதும் வேகம் நாளடைவில் குறையலாம். ஐந்தில் ஒரு பங்கு இடத்தை எப்போதும் காலியாக விட்டுவைத்தால் பெரிதாகத் தெரியாது.

எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடுமே என்ற பயம் அடிக்கடி கேட்கிறது. சாம்சங் 870 ஈவோ 1 டி.பி.க்கு 600 டெராபைட் எழுதும் வரை அல்லது ஐந்து வருடம் வரை உத்தரவாதம். நாளொன்றுக்கு 50 ஜி.பி. எழுதினாலும் 600 டெராபைட்டைத் தொட முப்பது வருடத்துக்கு மேல் ஆகும். தேய்மானம் இங்கே கவலையே இல்லை.

இந்த வழியின் உண்மையான குறை கேபிள்தான். சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கின் கேபிள் ஒரு நொடி நழுவினாலும் கணினி அங்கேயே உறைந்துவிடும். திறந்திருந்த கோப்பு கெடலாம். கடலோரத்தில் யு.எஸ்.பி. முனைகளின் மேல் பச்சையும் கறுப்புமாகப் படலம் படிவது வழக்கம். எஸ்.எஸ்.டி. கேஸை ஐமேக்கின் காலுக்குப் பின்பக்கம் நிலையாக ஒட்டி, குட்டைக் கேபிளைப் பயன்படுத்தி, ஒரு முறை மாட்டியபின் பிடுங்காமல் விடுவது நல்லது. உபயோகிக்காத துளைகளுக்கு ரப்பர் மூடி போட்டுவிடலாம். போனோடு வரும் சி வகைக் கேபிளை எடுத்து மாட்டவே கூடாது. அவற்றில் பல வெறும் யு.எஸ்.பி. 2.0, எஸ்.எஸ்.டி. வாங்கியும் வேகமில்லை என்ற புகார்கள் பலவற்றுக்குக் காரணம் இதுதான். யு.பி.எஸ். இல்லாமல் இந்த ஏற்பாட்டில் இறங்கவும் வேண்டாம்.

2020 இன்டெல் ஐமேக்கில் டி2 சிப் இருப்பதால் வெளி டிஸ்கிலிருந்து தொடங்குவது முதலில் தடுக்கப்பட்டிருக்கும். ரிகவரியில் போய் அனுமதி மாற்ற வேண்டும். அதில் ஏற்கெனவே எஸ்.எஸ்.டி. இருப்பதால் வேகத்துக்காக இதைச் செய்யத் தேவையில்லை. இடத்துக்காகக் கோப்புகளை மட்டும் வெளியே நகர்த்தினால் போதும். விண்டோஸ் ஆல்-இன்-ஒன்னில் கணக்கு தலைகீழ்: அங்கே உள்ளே எம்.டூ போடுவதே மலிவு, சுலபம், உறுதி. பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை எழுதிவைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். ஆனால் அந்தக் கணினி விண்டோஸ் 11 ஏற்குமா என்று முதலில் பார்த்துக்கொள்வது அவசியம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

ஐமேக்குக்கும் இந்த ஆயுள் கணக்கு உண்டு. 2012, 2013 மாடல்களுக்குக் கேடலினாதான் கடைசி சிஸ்டம். 2017-க்கு வென்ச்சுரா. 2019-க்கு சிகோயா. 2025-இல் வந்த டஹோவில் இன்டெல் ஐமேக் வரிசையிலிருந்து 2020-இன் 27 அங்குல மாடலுக்கு மட்டுமே இடம் கிடைத்தது. இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பும் அதுதான் என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. ஆக, 2013 ஐமேக்கைத் திறந்து உள்ளே செலவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வெளியே மாட்டும் எஸ்.எஸ்.டி. நாளைக்கு வாங்கப்போகும் கணினிக்கும் உதவும். பசை நாடாவுக்கும் கூலிக்கும் கொடுத்த பணம் அந்தக் கணினியோடு போய்விடும். 2019 மாடலில், அதுவும் 27 அங்குல 5கே திரையுள்ளதில், டிஸ்க் சாகும் நிலைக்கு வந்துவிட்டால், நல்ல கைத்திறனுள்ளவரிடம் கொடுத்துத் திறக்கலாம்.

புதிது வாங்குவது மூன்றாவது வழி. இங்கே சேமிப்புக்குக் கம்பெனி வைக்கும் விலையைத் தனியாகப் பார்க்க வேண்டும். 2024 அக்டோபரில் அறிவித்தபோது எம்4 மேக் மினியின் விலை இந்தியாவில் 256 ஜி.பி.யோடு 59,900 ரூபாய், 512 ஜி.பி.யோடு 79,900 ஆக இருந்தது. அதாவது கூடுதலான 256 ஜி.பி.க்கு 20,000 ரூபாய், ஒரு ஜி.பி. ஏறக்குறைய 78 ரூபாய். 2023-இன் நடுவில் சந்தையில் 1 டி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. ஐயாயிரம் சொச்சத்துக்குக் கிடைத்தது, ஒரு ஜி.பி. ஐந்து ரூபாய். இன்றைக்கு அது இரண்டு மடங்கானாலும் இடைவெளி மிகப் பெரியது. கம்பெனியின் சேமிப்பு வேகமானது என்பது உண்மை. ஆனால் இந்த விலை வேகத்துக்கான விலை இல்லை. வேறு எங்கும் வாங்க முடியாது என்பதற்கான விலை.

இந்தப் புதுக் கணினிகளில் ஒரு விஷயத்தைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. பழைய இன்டெல் ஐமேக்கில் உள் டிஸ்க் செத்தாலும் வெளி டிஸ்கிலிருந்து கணினி ஓடும். ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்கில் தொடக்கப் படிகள் உள் சேமிப்பிலேயே இருக்கின்றன. உள் சேமிப்பு முழுக்கச் செத்தால் வெளியே எத்தனை டிஸ்க் மாட்டினாலும் அது தொடங்காது. 24 அங்குல ஐமேக்கில் அந்தச் சிப்கள் போர்டில் பற்றவைக்கப்பட்டவை; ஆகவே போர்டையே மாற்றியாக வேண்டும். எம்4 மேக் மினியில் சேமிப்பு தனிப் பலகையாகக் கழல்கிறது என்பது பெரிய ஆறுதல். ஆனால் அது சந்தையின் எம்.டூ அல்ல. கட்டுப்படுத்தும் பகுதி முதன்மைச் சிப்பிலேயே இருக்க, அந்தப் பலகையில் வெறும் நினைவகச் சிப்கள் மட்டும்தான். வெளியார் செய்த பலகைகள் கிடைக்கின்றன. மாற்றியபின் இன்னொரு மேக்கை இணைத்து, ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் வழியே உயிர்கொடுக்க வேண்டும். உத்தரவாதக் காலத்தில் இதைச் செய்ய நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இன்றைக்கு மேசைக் கணினி வாங்குகிறவர் ஐமேக்கைவிட மேக் மினியையும் தனித் திரையையும் வாங்குவது நல்லது என்று நினைக்க இந்தக் கழலும் பலகை ஒரு முக்கியக் காரணம். திரை கெட்டால் திரையை மாற்றலாம், பெட்டி கெட்டால் பெட்டியை மாற்றலாம்.

விலை நிலையாக இருக்கும் என்று எண்ணித் தள்ளிப்போடவும் முடியாது. 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் ஆலைகள் மூழ்கியபோது உலகெங்கும் ஹார்டு டிஸ்க் விலை எகிறியது. 2025-இன் இரண்டாம் பாதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவகச் சிப் விலை ஏறிக்கொண்டு போகிறது. அந்த டிசம்பரில், நம் கடைகளில் எளிதாகக் கிடைத்துவந்த க்ரூஷியல் பிராண்டை நிறுத்தப்போவதாக மைக்ரான் அறிவித்தது. சென்னை ரிச்சி தெருவில் விலை கேட்டு, புதுச்சேரிக் கடையிலும் கேட்டு, ஜி.எஸ்.டி. பில்லோடு எவ்வளவு என்று ஒப்பிட்டு வாங்க வேண்டும். பில் இல்லாமல் மலிவாக வாங்கிய எஸ்.எஸ்.டி.க்கு ஐந்து வருட உத்தரவாதம் என்பது வெறும் பேச்சு.

இவ்வளவும் வேகமும் இடமும். மூன்றாவது குறை, டேட்டாவின் பாதுகாப்பு, இந்த ஊரில் மற்ற இரண்டையும்விடப் பெரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 46 செ.மீ. மழை கொட்டி வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. ஒரே மேசையில், கணினியும் அதன் பக்கத்திலேயே பேக்கப் டிஸ்கும் இருந்தால், தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். உள் டிஸ்கை 4 டி.பி.யாக மாற்றச் செலவிடும் பணத்தில் பாதியை இரண்டாவது பிரதிக்கு ஒதுக்கி, அந்தப் பிரதியை வேறு தெருவில், முடிந்தால் மேல்மாடியில், சொந்தக்காரர் வீட்டில் வைக்கலாம். உப்புக் காற்றுக்கு மூடி இறுகிய டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கில் எஸ்.எஸ்.டி.யை அலமாரியில் போட்டுவைப்பதும் சரியில்லை. நெடுநாள் சேமிப்புக்கு ஹார்டு டிஸ்கே ஏற்றது. அதையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இணைத்துப் பார்க்க வேண்டும்.

வைத்திக்குப்பத்திலிருந்து தெற்கே நடந்துபோகும் தூரத்தில், செயின்ட் லூயி வீதியில், 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே உள்ளவற்றையும் சேர்த்துப் புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்பை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் ஏற்றியது. அதே நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு தமிழ் ஸ்டுடியோக்களின் பழைய புகைப்படங்களைத் தேடி எண்ணுருவாக்கும் பணியையும் எடுத்துச் செய்தது. ஸ்டுடியோ மூடியதும் கண்ணாடி நெகடிவ்கள் எடைக்குப் போன ஊர் இது. இன்றைய ஸ்டுடியோக்காரரின் ஹார்டு டிஸ்கில் இருக்கும் தீர்த்தவாரிப் படங்களும், இந்தக் கடற்கரை எப்படிக் கரைந்தது என்பதற்கான வருடாந்தரச் சாட்சியும் நெகடிவைவிடச் சீக்கிரம் அழியக்கூடியவை. நெகடிவ் பூஞ்சை பிடித்தாலும் பாதி முகம் மிஞ்சும்; டிஸ்க் போனால் எதுவும் மிஞ்சாது.

பூட்டிய பெட்டியின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வியை அரசும் தொட்டிருக்கிறது. நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்து, அந்த ஆண்டு டிசம்பர் 24-இல் அதற்கான இணையதளத்தைத் தொடங்கியது. 2025 மே மாதம் வந்த, பழுதுபார்க்கும் தகுதிக் குறியீடு பற்றிய பரிந்துரை ஸ்மார்ட்போன், டேப்லெட்டிலிருந்துதான் தொடங்குகிறது. மேசைக் கணினியும் அதில் வர வேண்டும். உதிரிபாகத்தையும் கையேட்டையும் உரிமையாளருக்கே விற்கும் சுயசேவைத் திட்டத்தை ஆப்பிள் 2022-இல் அமெரிக்காவில் தொடங்கி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. பசை நாடாவும் திரையும் நியாய விலையில் இங்கும் கிடைத்தால் மேலே நான் திறப்பதற்கு எதிராகச் சொன்னவற்றில் பாதி தேவையற்றதாகிவிடும்.

கடைசியாக, கழற்றிய டிஸ்க். திறக்கக் கொடுத்தவர் பழைய டிஸ்கைக் கையோடு திரும்ப வாங்க வேண்டும். அதில் வாடிக்கையாளர்களின் குடும்பப் படங்கள் இருக்கின்றன. புது டிஸ்கில் எல்லாக் கோப்புகளும் திறக்கின்றன என்று பார்த்து, ஒரு மாதம் கழிந்தபின், பழையது நலமாக இருந்தால் ஐந்நூறு ரூபாய்க் கேஸில் போட்டு அதையே இரண்டாவது பிரதியாக்கலாம். சத்தம் போடுகிறது, பிழை காட்டுகிறது என்றால் முழுக்க அழித்து, அழிக்க முடியாவிட்டால் தட்டைத் துளைத்து, 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும், காயலான் கடையில் அல்ல.